மாட்டுப் பொங்கலன்று மாட்டிக்கொண்டவர்

பூப்பறித்துக்கொண்டிருந்த பெர்செபனியைத் தேரில் அள்ளிப் போட்டுக்கொண்டு பாதாளத்துக்குப் போனவர் ஹேடீஸ். மாதுளை முத்தைத் தின்னக் கொடுத்தே வருஷத்தில் பாதியை அவளிடமிருந்து எழுதி வாங்கிக்கொண்ட கிரேக்கத்து ஆசாமி. அந்தக் காலமாயிருந்தால் பஞ்சாயத்தில் நிறுத்தியிருப்பார்கள். இப்போது கதாநாயகன்! 2018இல் ரேச்சல் ஸ்மைத்தின் 'லோர் ஒலிம்பஸ்' இணையப் படக்கதை வந்தது. அடுத்த வருஷமே ஸ்கார்லெட் செயின்ட் கிளேர் தன் நாவலில் அவரைச் சூதாட்ட விடுதி முதலாளியாக்கிவிட்டார். டார்க் ரொமான்ஸ் என்று பேர்.

சுடுகாட்டு வாசம், உடம்பெல்லாம் சாம்பல், கழுத்தில் பாம்பு. லட்சணம் என்று பார்த்தால் எங்கள் திருவண்ணாமலைச் சிவன், அண்ணாமலையார், யாருக்குக் குறைந்தவர்? ஆனால் அவர் யாரையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. வருஷா வருஷம் தை 2ஆம் தேதி, மாட்டுப் பொங்கலன்று, ஊரே வேடிக்கை பார்க்க வீட்டம்மாவிடம் மாட்டிக்கொள்கிறார். இந்த ஊடல் நடக்கும் தெருவுக்கே திருவூடல் தெரு என்று பேர்.

வில்லன் பிருங்கி முனிவர். சிவனைத் தவிர யாரையும் கும்பிடமாட்டேன் என்ற பிடிவாதக்காரர். அம்மன் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். வண்டாக மாறி இடையில் புகுந்து சுவாமியை மட்டும் சுற்றினார். தவமிருந்து உடம்பிலேயே பாதி வாங்கினாள். நடுவில் துளை போட்டுக்கொண்டு சுற்றினார். மருமகளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மாமியார்கூட இவ்வளவு மெனக்கெட மாட்டாள். சக்தியே வேண்டாம் என்கிறவனுக்குச் சதையும் ரத்தமும் எதற்கு என்று அம்மன் அவற்றைத் திருப்பி எடுத்துக்கொள்ள, முனிவர் எலும்புக்கூடாகித் தள்ளாடினார். சுவாமி உடனே மூன்றாவது கால் ஒன்று கொடுத்து நிறுத்தினார். சண்டை பற்றிக்கொண்டது.

சமாதானத் தூதுக்கு ஆள் பிடித்தார்கள் பாருங்கள், சுந்தரரை! திருவாரூரில் பரவை, திருவொற்றியூரில் சங்கிலி என்று இரண்டு குடும்பம் நடத்தியவர். பரவை கோபித்துக் கதவடைத்தபோது நடுராத்திரியில் சிவனையே தூது நடக்கவிட்டவர், அதுவும் இரண்டு தடவை. அந்தக் கடனை அடைக்கத்தான் இங்கே வந்தாரோ என்னவோ. சுவாமி ஒரு பக்கம், அம்மன் ஒரு பக்கம், நடுவில் இவர். யோக்கியதை தெரிந்த அம்மன் கேட்பாளா? விறுவிறுவென்று கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

மூன்று லோகத்துக்கும் முதலாளி, ராத்தங்க இடமில்லை. குமரக்கோயிலுக்குப் போகிறார். மகன் வீடு, காரணம் கேட்க மாட்டான், அவனுக்கும் இரண்டு வீடு.

காலையில் எழுந்து நேராக வீட்டுக்குப் போகக் கூடாதோ? 14 கிலோமீட்டர் கிரிவலம் கிளம்புகிறார். எதற்கு? பிருங்கிக்குக் காட்சி கொடுக்க. எவனால் சண்டை வந்ததோ, அவனையே பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார். அப்புறம் மறுவூடல், உண்ணாமுலையம்மன் சேர்த்துக்கொள்கிறாள்.

எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமலா இருந்திருப்பாள்? மேளச் சத்தத்தில் நமக்குத்தான் காதில் விழவில்லை.