சைடு ஸ்டாண்டு அறிவிப்பு: சுரக்குடிச் சாலையை முன்வைத்து ஓர் ஆய்வு

சைடு ஸ்டாண்டை மடக்க மறந்து பைக்கில் பறப்பவரை, முன்பின் தெரியாத ஒருவர் விரட்டி வந்து எச்சரிப்பதே இங்கு ஆய்வுப்பொருள். ஸ்டாண்டு இருப்பது இடப்பக்கம். இடது பக்கம் சாய்த்துத் திருப்பினால் அது தரையில் ஊன்றி ஆளைக் கவிழ்த்துவிடும்.

சுரக்குடி இருக்கும் காரைக்கால் வட்டாரத்தில், முன்பின் தெரியாதவருக்கு உதவுவதில் முன்னோடி காரைக்கால் அம்மையார். கணவர் கொடுத்தனுப்பிய 2 மாங்கனிகளில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குப் படைத்தவர். ஆனால் அடியார் உட்கார்ந்து சாப்பிட்டார். ஓடும் வண்டிக்கு அந்தச் சான்று பொருந்தாது.

களம், சுரக்குடி டீக்கடை பெஞ்சு. சனிக்கிழமை உத்தமம், திருநள்ளாற்றுச் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகும் கூட்டம் மறதியோடுதான் வரும். மனைவி பின்னால், பையன் டேங்க் மேல், ஸ்டாண்டு கீழே என்று ஒருவர் போகிறார். பின்னால் வருபவர் ஹார்ன் அடிக்கிறார். முன்னவர், "அப்படி என்னய்யா அவசரம்?" என்று முறைத்தபடி ஒதுங்குகிறார். மற்றவரோ முந்தாமல் பக்கத்திலேயே வந்து, இடது காலை உதறிக் காட்டி, "அண்ணே, ஸ்டாண்டு!" என்கிறார். டக்கென்று ஸ்டாண்டு மேலேறுகிறது. நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் ஆள் வளைவைத் தாண்டிவிட்டார். கோயிலின் நளதீர்த்தத்தில் முழுக்குப் போடுமுன்பே சனியில் ஒரு பங்கு சுரக்குடியில் கழிந்தது.

காரைக்காலில் பெட்ரோல் விலை குறைவு, அதனால்தான் விரட்டி வந்து சொல்கிறார்கள் என்று பெஞ்சில் ஒரு கட்சி உண்டு. இது நிற்காது. காரைக்காலின் பிஒய் 02 வண்டியைத் துரத்தி வந்து சொல்லும் தமிழ்நாட்டு டிஎன் 51 வண்டிகளை என்ன செய்வது? ஊருக்குப் போட்ட எல்லைக்கோடு ஸ்டாண்டுக்குக் கிடையாது என்பதே என் முடிபு.

இத்துறையின் எதிர்காலம்தான் கவலைக்கிடம். பகலில் லைட் எரிந்தால் ஐந்து விரலையும் குவித்து விரித்துக் காட்டும் கிளை முன்பு செழித்திருந்தது. 2017 ஏப்ரல் முதல் புது இருசக்கர வண்டிகளில் லைட் எப்போதும் எரிந்தே தீர வேண்டும் என்று அரசு விதித்துவிட்டது. அதற்கப்புறமும் பல காலம் விரல்கள் ஓயவில்லை. இல்லாத குறைக்கு ஊரே இரங்கியது. இப்போதோ ஸ்டாண்டு இறங்கியிருந்தால் எஞ்சினே ஓடாத வண்டிகள் வருகின்றன.

எஞ்சியிருப்பது, "யக்கா, துப்பட்டா!" என்னும் கிளை. சேலை கார்டு எத்தனை அகலமாக வைத்தாலும் துப்பட்டா அதற்கு அடங்குவதில்லை. இன்னும் சில தலைமுறைக்கு ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை.