ரசமட்டம் வேண்டாத பெருந்தகைக்கு

செட்டிநாட்டுக் கல்லலில் பிறந்து, மொலாசஸிலிருந்து ஸ்பிரிட் வடிக்கும் ஆலைகளில் தலை நரைத்தவன் நான். அந்த ஒரே தகுதியில் ஒரு பெருந்தகையைப் பாராட்ட வந்திருக்கிறேன். அவர் பேரைச் சொல்ல மாட்டேன். ஆலையின் பேரும் வேண்டாம். தன்னடக்கம் மிகுந்தவர், வெட்கப்படுவார்.

வடிகோபுரத்துக்குள் அடுக்கடுக்காக இருக்கும் தட்டுகளைப் பற்றி உலகம் இருநூறு ஆண்டாகத் தேவையில்லாமல் கவலைப்பட்டு வந்திருக்கிறது. அயர்லாந்தில் கலால் துறைப் பெரிய அதிகாரியாக இருந்த ஈனியஸ் காஃபி, வேலையை விட்டு வந்து, துளையிட்ட தட்டுகளை அடுக்கி 1830-இல் காப்புரிமை வாங்கினார். (சாராயத்துக்கு வரி வாங்கிய கைதான் சாராயத்தையும் நன்றாகக் காய்ச்சும் என்பதில் நம் ஊர்க்காரர்களுக்கு வியப்பிருக்காது.) 1925-இல் மெக்கேப், தீல் என்ற இருவர் ஒரு வரைபடத்தில் படிக்கட்டு வரைந்து, எத்தனை தட்டு வேண்டும் என்று எண்ணிக் காட்டினார்கள். அதே ஆண்டில் மர்ஃப்ரீ வந்து, கணக்கில் வரும் தட்டு வேறு, இரும்பில் வரும் தட்டு வேறு, இரும்புத் தட்டு முழு வேலை செய்யாது என்றார். 1934-இல் சவுடர்ஸும் பிரவுனும் ஆவி எந்த வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று கணக்குச் சொன்னார்கள். கோட்டையூர் அழகப்பச் செட்டியார் வாரிக் கொடுத்ததில் 1944-இல் சென்னையில் ஏ.சி. டெக் என்ற தொழில்நுட்பக் கல்லூரி உருவாகி, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் அங்கே போய் இதையெல்லாம் உட்கார்ந்து படித்தார்கள். பாவம், எத்தனை பேருடைய இளமை வீணாய்ப் போயிற்று! எங்கள் பெருந்தகை டெண்டர் கூட்டத்தில் ஒரே மூச்சில் விஷயத்தை முடித்துவைத்தார்: “தகட்டுல ஓட்டை. அதுக்கு எதுக்குய்யா இம்புட்டுக் காசு?”

படிக்காத வாசகர்களுக்காக அந்த ஓட்டைத் தகடு என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வாஷ் என்று நாங்கள் சொல்லும் புளித்த மொலாசஸ் கரைசலில் ஆல்கஹால் எட்டுப் பத்து சதவீதம்தான். அதை மேலே விட்டால் தட்டுத் தட்டாகக் கீழே இறங்கும். அடியிலிருந்து ஆவி ஏறும். ஒவ்வொரு தட்டிலும் திரவம் ஒரு ஓரத்தில் விழுந்து, குறுக்கே நடந்து, மறு ஓரத்துத் தடுப்பைத் தாண்டி, டவுன்கமர் என்ற இறங்குபாதை வழியாக அடுத்த தட்டுக்குப் போக வேண்டும். அது நடந்து போகும்போதே ஆவி துளைகள் வழியாக ஏறி, திரவத்துக்குள் கொப்பளித்து, ஆல்கஹாலைக் கூட்டிக்கொண்டு மேலே போகும். இப்படி எடையில் 95.6 சதவீதம் வரைக்கும் ஏற்றலாம். அங்கே ஆல்கஹாலும் தண்ணீரும் 78.2 டிகிரியில் கைகோத்துக்கொண்டு ஒன்றாகவே கொதிக்கும். அதற்கு மேல் சாதாரண வடிப்பால் பிரிக்க முடியாது. கணக்குக்குப் பன்னிரண்டு தட்டு போதும் என்றால், அறுபது சதவீதத் திறனுக்கு இரும்பில் இருபது போட வேண்டும். நம்மவர் பன்னிரண்டே போட்டு எட்டை மிச்சம் பிடித்திருப்பார். டவர் ஏற்கெனவே கட்டியிருந்ததால் அந்த வாய்ப்பு நழுவிவிட்டது.

ஆனால் தட்டு மாற்றும் வாய்ப்பை அவர் விடவில்லை. வேறொரு வேலைக்காகத் துளைபோட்ட தட்டுகள் எங்கோ சல்லிசாகக் கிடைத்தன. எங்கள் வாஷில் ஈஸ்ட் கசடும் கால்சியம் சல்பேட்டும் கலந்து வரும். அதற்குப் பெரிய துளை வேண்டும். வந்து இறங்கியவை சன்னத் துளை. பார்க்கவே அழகாக இருந்தன, இடியாப்பம் பிழியலாம் போல. அவரும் தட்டைத் தட்டிப் பார்த்து, “நல்ல கனம்” என்றார்.

மாட்டும் நாள்தான் அவருடைய மேதைமை முழுவதும் வெளிப்பட்ட நாள். எங்களூர்க்காரர் ஒருவர் அங்கே ஃபிட்டர். அவருடைய அப்பா கொத்தனார். செட்டிநாட்டு வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பதித்தவர். மட்டம் பார்க்காமல் எதையும் தொடாத வம்சம். மேன்ஹோலுக்குள் நுழைந்தவர் ரசமட்டத்தைத் தட்டில் வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடிற்று. வெளியே தலையை நீட்டி, “சார், ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கு. அரை இஞ்சுக்குக் குறையாது. சிம் தகடு வச்சுத் தூக்கணும்” என்றார். பெருந்தகை சிரித்துவிட்டார். “தண்ணி கீழதானய்யா போகப் போகுது? அதுக்கு என்ன மட்டம்?”

எவ்வளவு ஆழமான கேள்வி! தட்டு சாய்ந்திருந்தால் பள்ளத்துப் பக்கம் திரவம் கனமாக நிற்கும், மேட்டுப் பக்கம் மெலிந்து கிடக்கும். ஆவி சுலபமான வழியைத்தான் தேடும். மேட்டுப் பக்கமாகவே ஏறிப் போய்விடும். பள்ளத்தில் நிற்கும் திரவம் ஆவியையே சந்திக்காமல் துளை வழியாக ஒழுகி இறங்கும். சில மில்லிமீட்டருக்குள் மட்டம் நிற்க வேண்டும் என்று நூல்கள் சொல்வது இதற்காகத்தான். சந்திக்க விருப்பமில்லாதவர்களைக் கட்டாயப்படுத்திச் சந்திக்க வைப்பானேன்? நம்மவர் திரவத்துக்கும் ஆவிக்கும் சுதந்திரம் கொடுத்துவிட்டார். பாதிப் போல்ட்டைப் போடாமல் விட்டு, தட்டுகளுக்கும் கொஞ்சம் கொடுத்தார்.

பிறகு வந்தது உற்பத்திப் பெருக்கம். பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்கும் இலக்கை ஒன்றிய அரசு 2030-லிருந்து 2025-க்கு இழுத்துக்கொண்ட சமயம். எல்லா ஆலைகளுக்கும் வேகம் பிறந்தது. எங்களுடையதற்குக் கூடுதலாகவே பிறந்தது. வாஷ் கூட்டு, ஸ்டீம் கூட்டு என்று உத்தரவு. எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து வெளியேறும். அந்த வடிகால் வாய் குறுகலாக இருந்தால் ஐப்பசி மழையில் முற்றம் நிரம்பி, வளவுக்குள் தண்ணீர் ஏறிவிடும். டவுன்கமரும் அப்படித்தான். கசடு அடைத்து, கீழிருந்து ஆவியின் அழுத்தமும் கூடினால் திரவம் இறங்க மாட்டாமல் தட்டுக்குத் தட்டு மேலேறி நிற்கும். கண்ட்ரோல் ரூமில் டிபி என்ற அழுத்த வித்தியாசம் துள்ளிற்று, ஸ்பிரிட்டின் பலம் சரிந்தது, அடி மட்டம் வற்றிற்று. “டவர் ஃப்ளட் ஆயிருச்சு சார், ஸ்டீமைக் குறைக்கணும்” என்று ஆபரேட்டர் சொன்னார். எந்தச் சாமானியனும் குறைத்திருப்பான். பெருந்தகை மட்டும் இன்னும் ஒரு சுற்றுத் திறக்கச் சொன்னார். பலம் குறைகிறது என்றால் சூடு போதவில்லை என்பது அவர் கண்டுபிடிப்பு. சற்று நேரத்தில் கண்டென்சர் வழியாக ஸ்பிரிட்டோடு காப்பித் தண்ணி நிறத்தில் வாஷும் வந்து சேர்ந்தது. ஒரே குழாயில் இரண்டு சரக்கு! காஃபியால் முடியாதது.

மறுவாரம் மொலாசஸ் தீர்ந்தது. மூன்றில் ஒரு பங்கு ஓட்டத்தில் டவரை இழுத்துக்கொண்டே போகச் சொன்னார்; நிறுத்தினால் கௌரவம் போய்விடுமாம். சல்லடைத் தட்டில் திரவத்தைத் தாங்கி நிற்பது ஆவியின் அழுத்தம்தான், அது பாதிக்குக் கீழே போனாலே ஒழுக ஆரம்பிக்கும் என்று யாரோ முனகினார்கள். மூடி எழுந்து தாழும் வால்வுத் தட்டாயிருந்தால் கால் பங்கு வரைக்கும் ஓரளவு சமாளித்திருக்கும். ஆனால் அதன் விலையைக் கேட்டவுடனேயே அவர் ஃபைலை மூடிவிட்டவர். தட்டுகள் அழுதன. ஆல்கஹால் வாஷோடு ஒழுகி அடிக்குப் போயிற்று. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கழிவு வரும் தொழில் இது. அந்தக் கழிவும் கொஞ்சம் போதையோடு குட்டைக்குப் போகட்டும் என்று நினைத்த தயாள மனசை என்னவென்று சொல்வது?

வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தார்கள். தட்டு வாங்கியதில் மிச்சம் தனிப் பத்தியில் கம்பீரமாக இருந்தது. ஸ்டீம் கூடியது பாய்லர் பிரிவின் கணக்கில் போயிற்று. ஸ்பிரிட் குறைந்தது நொதிப்புப் பிரிவின் தலையில் விழுந்தது, ஈஸ்ட் சரியில்லையாம். கழிவு வீரியம் கூடியதற்குச் சுற்றுச்சூழல் பிரிவில் ஒரு பையன் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தான். இப்படி ஒரு தட்டின் புகழைப் பத்துப் பிரிவுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்? விருது அவருக்கே போயிற்று, செலவுக் குறைப்புக்காக.

ஷட்டவுனில் மேன்ஹோலைத் திறந்தபோது மூன்று தட்டுகள் பெயர்ந்து அடியில் கிடந்தன. மற்றவற்றின் சன்னத் துளைகள் சுண்ணாம்பு பூசியதுபோல் அடைந்திருந்தன. பெருந்தகை எட்டிப் பார்த்து, “ஓட்டையே இல்லாத தட்டை வாங்கியிருக்கலாம் போல, இன்னும் சல்லிசா வந்திருக்கும்” என்றார். அது ஜோக்கா யோசனையா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

நிர்வாகத்துக்கு என் பணிவான வேண்டுகோள்: அடுத்த டெண்டரையும் இவர் கையிலேயே கொடுங்கள். அவருடைய வேகத்துக்கு ஒரே ஒரு தடைதான் மிச்சம் இருக்கிறது. ரசமட்டத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரியும் அந்தக் கல்லல் ஃபிட்டரைத் தயவுசெய்து கேன்டீனுக்கு மாற்றிவிடுங்கள்.