ஆறாவது ஆள்

ஆரணி என்றதும் பட்டுச்சேலை நினைவுக்கு வருகிறவர்கள் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். இது வேறு ஆரணி. திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்துக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவே, ஆரணி ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். இங்கிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவருக்கு ஆள் மாற்றுவதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஷிப்ட் முடிந்தாலும் ரிலீவர் வந்து நிற்காமல் அவர் மெஷினை விட்டு நகர மாட்டார். ரிலீவர் வந்த பிறகும் எந்த பெல்ட் சத்தம் போடுகிறது, எந்த சூப்பர்வைசர் சத்தம் போடுகிறார் என்று இருவரும் கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் பிரிவார்கள். அதுவரை ஒரு மெஷினுக்கு இரண்டு ஆள். கம்பெனிக்கு அதில் மகிழ்ச்சிதான்.

கூடைப்பந்தில் இதையே செய்தால் விசில் ஊதுவார்கள்.

சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்புத்தகத்தில் ஆள் மாற்றம் ஒரு முழுச் சடங்கு. அணியில் 12 பேர் இருக்கலாம், கோர்ட்டுக்குள் 5 பேர்தான். உள்ளே போக வேண்டியவர் தானே ஸ்கோரர் டேபிளுக்குப் போய்க் கேட்க வேண்டும், அல்லது அதற்கென்று போட்ட நாற்காலியில் உட்கார வேண்டும். கோச் பெஞ்சிலிருந்து கத்தினால் கணக்கில் வராது. கடிகாரம் நின்று, நடுவர் டேபிளோடு பேச வேண்டியதைப் பேசி முடித்த பிறகு ஸ்கோரர் ஹாரன் அடிப்பார். அப்போதும் கால் கோட்டைத் தாண்டக் கூடாது. நடுவர் கையசைத்துக் கூப்பிட வேண்டும். வெளியே வருகிறவருக்கு மட்டும் ஒரு சம்பிரதாயமும் கிடையாது. நேராகப் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம். போனாரா என்று பார்ப்பது கோச்சின் பொறுப்பு.

சிலர் போக மாட்டார்கள். வேண்டுமென்றே அல்ல. டைம்-அவுட்டில் கோச் பலகையில் அம்புக்குறிகளை வரைந்து தள்ளுவார். யார் உள்ளே என்று சொன்னவர், யார் வெளியே என்று சொல்லியிருக்க மாட்டார். சொல்லியிருந்தாலும் சொல்லப்பட்டவர் அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருப்பார். ஆட்டம் தொடங்கும்போது ஒரு பக்கம் ஆறு பேர். அரங்கமே பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். தலைகளை எண்ண வேண்டியவர் நடுவர். ஒவ்வொரு டைம்-அவுட்டுக்குப் பிறகும் எண்ணிப் பார்த்து, சரி என்று சக நடுவருக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார்கள். ஓடும் வீரர்களை ஓடிக்கொண்டே எண்ணிப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

இந்த ஐந்து என்ற எண்ணும் ஆட்டத்தோடு பிறந்ததல்ல. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் முதல் ஆட்டத்தை நடத்தியபோது பக்கத்துக்கு 9 பேர், ஏனென்றால் வகுப்பில் இருந்தது 18 பேர். மொத்தம் விழுந்தது ஒரே ஒரு கூடை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பக்கத்துக்கு 50 பேராக ஆடிப் பார்த்திருக்கிறார்கள். நூறு பேரும் பந்து போன பக்கமெல்லாம் ஓடியதில் கட்டடத்துக்கு என்ன ஆகுமோ என்ற பயம்தான் மிஞ்சியது. பக்கத்துக்கு ஐவர் என்பது 1897 வாக்கில்தான் நிலைத்தது. 1920இல் மெட்ராஸில் ஹாரி க்ரோ பக் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கி, அங்கிருந்து பி.டி. வாத்தியார்கள் விசிலோடு ஊர் ஊராகப் புறப்பட்டபோது, எண்ண வேண்டியது ஐந்துதான் என்பது முடிவாகியிருந்தது. நம் வாத்தியார்கள் புண்ணியம் செய்தவர்கள்.

2008 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டியில் போர்ட்லாண்ட் அணியும் பாஸ்டன் அணியும் மோதின. போர்ட்லாண்ட் பக்கம் ஆறு பேர் நின்றார்கள். உலகின் மிகச் சிறந்த நடுவர்கள், ஆயிரக்கணக்கான ரசிகர்கள். ஒருவரும் கவனிப்பதற்குள் போர்ட்லாண்ட் கூடை போட்டுவிட்டது. பிறகு விழித்துக்கொண்டு டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் கூடை செல்லும் என்றார்கள். போர்ட்லாண்ட் 91-86 என்று ஜெயித்தும்விட்டது.

ஃபிபாவின் விளக்கமும் கிட்டத்தட்ட இதேதான். முறைகேடாக உள்ளே நின்றவர் புள்ளி எடுத்திருந்தால் அந்தப் புள்ளி நிற்கும். ஃபவுல் செய்திருந்தால் அதுவும் அவர் கணக்கில் ஏறும். ஆட்டத்தை நிறுத்துவதிலும் ஒரு நாகரிகம் உண்டு: எதிரணி பந்தோடு கூடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தால் விசிலைக் கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டும், குற்றம் செய்யாதவருக்கு நஷ்டம் வந்துவிடக் கூடாது. சட்டமாகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் கேட் பாஸ் இல்லாமல் உள்ளே வந்தவர் பார்த்த வேலைக்குச் சம்பளம் உண்டு என்று சொன்னால் சிப்காட் வாட்ச்மேன் ஒருவரும் நம்ப மாட்டார்.

ஹாக்கிக்காரர்கள் வாட்ச்மேன் கட்சி. 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. ஜப்பானுக்கு எதிராகப் பாகிஸ்தான் அடித்த ஒரு கோல், அந்த நேரம் களத்தில் 12 பேர் இருந்ததால் ரத்தானது. பாகிஸ்தான் 2-3 என்று தோற்றது. அந்தக் கோல் நின்று ஆட்டம் டிரா ஆகியிருந்தால் அடுத்த சுற்றுக்குப் போயிருக்க வேண்டியது பாகிஸ்தான்தான். இப்போது கதவு திறந்தது இந்தியாவுக்கு. இந்தோனேசியாவைக் குறைந்தது 15 கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். இந்தியா 16-0 என்று முடித்தது. அரியலூர் கார்த்தி செல்வமும் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் முதன்முதலாக இந்தியாவுக்கு ஆடிய தொடர் அது. பாகிஸ்தானுக்கு அடுத்த ஆண்டு ஒடிசாவில் நடந்த உலகக் கோப்பையும் கைவிட்டுப் போனது. ஒருவர் சீக்கிரம் உள்ளே வந்ததற்கோ, ஒருவர் தாமதமாக வெளியே போனதற்கோ இவ்வளவு விலை. பன்னிரண்டாவது ஆள் எதிரணிக்கு உழைத்த அபூர்வக் கணக்கு இது.

ஆள் மாற்றச் சச்சரவு ஒலிம்பிக் தங்கத்தையும் விட்டுவைக்கவில்லை. 1972 மியூனிக் கூடைப்பந்து இறுதிப் போட்டியின் கடைசி 3 நொடிகள் மூன்று முறை ஆடப்பட்டன. அந்தக் குழப்பத்தின் இடையில் சோவியத் அணி இவான் எதேஷ்கோவை உள்ளே இறக்கியது. கடைசிப் பந்தைக் கோர்ட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எறிந்தவர் அவர்தான். அலெக்சாண்டர் பெலோவ் பிடித்துக் கூடையில் போட, 51-50. அமெரிக்கர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்லை. அவர்கள் புகார்ப் பட்டியலில் எதேஷ்கோ வந்த விதமும் ஒன்று.

அந்த அளவுக்குப் போகாத சாதாரண ஆட்டங்களில் தண்டனை எளியது. ஆறு பேரைக் கண்டுபிடித்ததும் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. ஸ்கோர்ஷீட்டில் கோச் பெயருக்கு எதிரே ஒரு ‘பி’. இப்படி மூன்று டெக்னிக்கல் சேர்ந்தால் கோச் அரங்கை விட்டே போக வேண்டும், ஒரு நொடிகூடப் பந்தைத் தொடாமல். கோர்ட்டிலிருந்து ஒருவர் உடனே வெளியேற வேண்டும் என்று விதி சொல்கிறது. அது ஆறாவதாக வந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.