வண்ணப் புணரியல்

தீட்டிய வண்ணம் தீட்டிய வாறே
நாட்பல நிற்றல் டீசலுக் கில்லை.

என்பது சூத்திரம். சூத்திரம் செய்தவரும் உரை எழுதுபவரும் ஒருவரே ஆதலின் பாடபேதம் இல்லை.

இதன் பொருள்: டீசல் ரயில் என்ஜின் பெயின்ட் காய்ந்து பணிமனையை விட்டு வெளியே வந்த நாள்முதல் அதன் நிறம் விகாரப்படத் தொடங்கும். விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். இதையெல்லாம் படித்து என்ன பயன் என்று தமிழாசிரியரைக் கேட்டவர்கள் இங்கே சற்று நின்று வருந்துக.

உதாரணம், அமெரிக்காவின் சதர்ன் பசிபிக் ரயில்வே. 1958 முதல் அதன் என்ஜின்களுக்குச் சாம்பல் நிற உடல், சிவப்பு மூக்கு. ரசிகர்கள் ‘ரத்த மூக்கு’ என்றே பெயர் வைத்தார்கள். புகைபோக்கியைச் சுற்றிக் கரி படிவது தோன்றல். அரிசோனா, நெவாடா வெயிலில் சிவப்பு ரோஜா நிறமாவது திரிதல். புற ஊதாக் கதிர் பெயின்ட்டில் உள்ள பிசினைச் சிதைக்க, பிடிப்பு விட்ட நிறமி மாவாகப் பூத்து நிற்கும். சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்தவர் சட்டையைப்போல, தொட்டவர் விரலெல்லாம் நிறம். அந்த மாவை மழை அடித்துக்கொண்டு போவது கெடுதல். கரியில் செய்த கறுப்பு நிறமி மட்டும் வெயிலுக்கு எளிதில் அசையாது.

இனிப் புணர்ச்சி. 1983இல் சதர்ன் பசிபிக்கின் தாய் நிறுவனமும் சாண்டா ஃபே ரயில்வேயின் தாய் நிறுவனமும் ஒன்றாயின. ரயில்வேக்கள் இணைய அரசு அனுமதி வரவேண்டும். வருமுன்பே, 1985இல், சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகப் பெயின்ட் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். மொத்தம் 300க்கும் மேற்பட்ட என்ஜின்கள். சதர்ன் பசிபிக் என்ஜினில் ‘எஸ்பி’ என்று எழுதி, பின்னால் இடம் விட்டார்கள். சாண்டா ஃபே என்ஜினில் முன்னால் இடம் விட்டு ‘எஸ்எஃப்’. நிலைமொழி ஒரு வண்டியில், வருமொழி இன்னொரு வண்டியில்! 1986 ஜூலையில் மாநிலங்களிடை வணிக ஆணையம் இணைப்பை மறுத்தது. இப்படியொரு புணர்ச்சிக்கு நன்னூலில் விதி இல்லை. ‘எஸ்பிஎஸ்எஃப்’ என்னும் அந்த நான்கு எழுத்துக்கும் ‘இவ்வளவு அவசரமாகப் பெயின்ட் அடித்திருக்கக் கூடாது’ என்று ரசிகர்கள் ஆங்கிலத்தில் விரிவு சொன்னார்கள்.

இந்த வண்ணத்துக்கு ‘கோடாக்ரோம்’ என்று பெயர். அந்தப் பெயருள்ள புகைப்பட ஃபிலிமின் பெட்டி நிறங்களை ஒத்திருந்ததால். இருட்டில் வைத்தால் பல பத்தாண்டு நிறம் மாறாத ஃபிலிம் அது. அதன் பெயரைத் தாங்கிய என்ஜினோ கண்ணெதிரே வெளுத்தது. ஆதலின் என்ஜினின் அசல் நிறத்தை என்ஜினிடம் கேட்பது பிழை. அன்று எடுத்து அலமாரியில் பூட்டிய ஸ்லைடிடம் கேட்க.

1995இல் சாண்டா ஃபே, பர்லிங்டன் நார்தர்னோடு சேர்ந்தது. 1996இல் சதர்ன் பசிபிக்கை யூனியன் பசிபிக் எடுத்துக்கொண்டது. அப்போதும் வெளுத்த சில என்ஜின்களில் ‘எஸ்பி’க்குப் பின்னால் விட்ட இடம் காலியாகவே இருந்தது.