கடைக்காரரின் குறுக்கு விசாரணை

கேள்வி: இடக்கொச்சிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். இங்குள்ள ஹார்ட்வேர் கடையில் ஒரு குழாய் கேட்டால், ‘எங்கே மாட்ட? அரையா, முக்காலா? பழசு கொண்டுவந்தீர்களா?’ என்று குடைகிறார்கள். இது வியாபாரமா, விசாரணைக் கமிஷனா?

பதில்: கமிஷன்தான். ஆனால் அறிக்கை அன்றைக்கே கிடைத்துவிடும் கமிஷன். வாளியும் துடைப்பமும் வாங்கும்போது யாரும் உங்களைக் குடைந்திருக்க மாட்டார்கள். அவை ஒண்டியாகப் பிழைத்துக்கொள்ளும். குழாய் அப்படியல்ல, சுவரிலிருக்கும் மரையோடு பொருந்தினால்தான் அது குழாய். அந்தப் பொருத்தத்தைச் சொல்லவேண்டிய அளவுகளோ ஒரே குழப்பம். மெட்ரிக் சட்டம் 1956இலேயே வந்துவிட்டது. ஹார்ட்வேர் கடைதான் இன்னும் முழுதாக மதம் மாறவில்லை. பிளைவுட்டுக்கு நீள அகலம் அடியில், கனம் மில்லிமீட்டரில். தகட்டுக்கு கேஜ், எண் கூடக்கூடத் தகடு மெலியும். எல்லாவற்றையும் மிஞ்சுவது குழாய் மரை. ‘அரை இஞ்ச்’ மரையை ஸ்கேல் வைத்து அளந்தால் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் வரும். முக்கால் இஞ்சே 19தான்! பழைய இரும்புக் குழாயின் உள்துளையை வைத்து வந்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆகவே வீட்டில் பொறுப்பாக அளந்து வருகிறவர் ‘முக்கால்’ என்று தப்பாகக் கேட்பார். அளக்காமல் பழசைக் கழற்றி வருகிறவர் சரியானதோடு வீடு திரும்புவார்.

‘எங்கே மாட்ட?’ என்பதும் வம்புக் கேள்வியல்ல. உங்கள் ஊர் காயலோரம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, போதாததற்கு உப்புக்காற்று. வெளிக்கதவுக்குச் சாதாரண இரும்புத் திருகு போட்டால், துரு சீக்கிரமே சுவரில் கையெழுத்துப் போட்டுவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் பேதம் உண்டு: 304ஐவிட மாலிப்டினம் கலந்த 316 உப்பை நன்றாகத் தாங்கும், விலையும் கூடும். குளியலறைக்குள் மாட்ட அந்தச் செலவு எதற்கு?

பெரிய கடையில் விலை ஒட்டி அடுக்கியிருக்கிறார்களே என்பீர்கள். வாளிக்கு அங்கேயே போங்கள். ஆனால் விலைச்சீட்டு விலையைச் சொல்லுமே தவிர, உங்கள் வீட்டுச் சுவருக்குப் பொருந்துமா என்று சொல்லாது. ‘விசாரிக்கிற சாக்கில் விலை கூடியதைத் தலையில் கட்டிவிட்டால்?’ நியாயமான சந்தேகம், நடக்கவும் கூடும். பேக்கெட்டில் வருவதற்கு அதிகபட்ச விலை அச்சிட்டிருக்கும். உதிரியாக நிறுத்துத் தரும் ஆணிக்கு அது கிடையாது. எனவே நீங்களும் பதிலுக்கு விசாரியுங்கள்: இதைவிட மலிவானது உண்டா, ஏன் மலிவு? பில்லும் கேளுங்கள். பழைய குழாயைக் கழற்றும் முன் மறக்காமல் மெயின் வால்வை மூடுங்கள்.