நிலக்கீழ் வழக்கு

ஸ்காபரோ,
2025 மாசி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்துவிட்டது என்று சித்தி ரெலிபோனில் சொன்னா, சந்தோசம். இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். அம்மா கேட்டால் அழுவா. நீங்கள் நொத்தாரிசு கந்தோரில் உறுதி எழுதியே கண்ணைக் கெடுத்துக்கொண்ட மனுசன். கேட்டால் சட்டம் கதைப்பீர்கள். எனக்கு இப்போது தேவை அதுதான்.

எனக்கும் வீட்டுக்காரருக்கும் சண்டை. சத்தம் போடுகிற சண்டையில்லை. "சாப்பிட்டீரோ தம்பி" என்று விசாரித்துவிட்டு ஒருவர் கையில் மற்றவர் படிவத்தைத் திணிக்கிற சண்டை.

நான் குடியிருப்பது ஒரு வீட்டின் அடியில். இங்கே குளிருக்கு நிலம் உறைந்துவிடும் என்பதால் அத்திவாரத்தை ஆழமாகத் தோண்டுவார்கள். தோண்டின இடத்தை வீணாக்காமல் சலவை மெசினையும் வீட்டைச் சூடாக்கும் பேர்னஸையும் அங்கே வைப்பார்கள். வீட்டு விலை ஏற ஏற ஆட்களையும் வைக்கத் தொடங்கினார்கள். வீட்டுக் கடன் எடுத்தவர் மேலே, அதைக் கட்ட உதவுகிறவன் கீழே.

பேஸ்மென்றில் ஆள் வைப்பது குற்றமில்லை. ஆனால் நகரசபையின் அனுமதி வேண்டும். கூரை 1.95 மீற்றர் உயரமாவது இருக்க வேண்டும், மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் நடுவே தீ பரவாத தடுப்பு வேண்டும், புகை மணி வேண்டும், நெருப்புப் பிடித்தால் வெளியேற வழி வேண்டும். என் படுக்கையறை யன்னலால் ஒரு பூனை வெளியேறலாம். அதுவும் பட்டினி கிடந்த பூனையாக இருந்தால். குசினிக்கும் கட்டிலுக்கும் நடுவில் காற்றுக் குழாய் ஒன்று குறுக்கே ஓடுகிறது. நம் குடும்பத்து உயரம் உங்களுக்குத் தெரியும்தானே. குனிந்து குனிந்து, இப்போது பஸ்ஸிலும் கடையிலும்கூடத் தலை தானாகக் குனிகிறது. வேலையிடத்தில் என்னை மகா பணிவானவன் என்று நினைத்திருக்கிறார்கள்.

வாடகை 1,500 டொலர், காசாக. ரசீது கேட்டேன். கோயில் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் "கைமாற்றாகக் கொடுத்த பணம் திரும்பக் கிடைத்தது" என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார். வருமான வரிக்காரர் என்றால் அவருக்குப் பயம். அந்தக் கணக்குப்படி நான் மாதாமாதம் அவரிடம் கடன் வாங்கித் தின்கிறவன்.

சண்டை தொடங்கினது மார்கழியில். "தம்பி, உம்மை நான் பிறத்தியாளா நினைக்கேல்லை. தையிலிருந்து ஒரு முந்நூறு கூட்டித் தாரும்" என்றார்.

இங்கே அப்படி நினைத்த நேரம் கூட்ட முடியாது. 12 மாதத்துக்கு ஒருமுறைதான். அதுவும் 90 நாள் முன்னதாக எழுத்தில் அறிவித்து, ஒன்ராறியோ மாகாண அரசு அந்த வருசத்துக்குச் சொன்ன வீதத்துக்குள். 2025க்கு அது 2.5 வீதம். 1,500 டொலருக்கு 37 டொலர் 50 சதம் வரும். சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பி, சட்டம் சட்டப்படி கட்டின வீட்டுக்கு. இது களவாக் கட்டினது. இதுக்கு என்ன சட்டம்?"

இதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத் தெரிகிறதல்லவா? எனக்கும் ஒரு இரவு அப்படித்தான் தெரிந்தது. ஆனால் 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டம் வீட்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. வாடகை கொடுத்து ஒருவன் குடியிருக்கிறானா என்றுதான் பார்க்கிறது. களவாகக் கட்டினவர் அந்தக் களவையே காட்டித் தப்ப முடியாது.

அவர் அடுத்த காயை நகர்த்தினார். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடிவந்த இடத்துக்கு அந்த வீத வரம்பு கிடையாது. பேஸ்மென்றைத் தான் 2020இல்தான் திருத்தி வாடகைக்கு விட்டதாகச் சொன்னார். நான் அவரைக் குசினிக் கதவடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் கதவு நிலையில் முந்தி இருந்த குடும்பம் தங்கள் பிள்ளையின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறது. பக்கத்தில் 2014, கொஞ்சம் மேலே 2015, அதற்கும் மேலே 2017. மனுசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். அடுத்த நாள் நான் வேலையால் வந்தபோது நிலைக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்திருந்தது. நான் முதல் நாளே போனில் படம் எடுத்துவிட்டேன்.

பிறகுதான் மீன் வந்தது. வீட்டுக்காரரோடோ அவருடைய மனைவி, பிள்ளை, தாய் தகப்பனோடோ குசினியைப் பகிர வேண்டியவனுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை விடியக் கதவு தட்டினது. திறந்தால் அவருடைய அம்மா, கையில் சட்டியோடு. பின்னால் இவர் அறக்குளா மீனோடு. "இனி ஆச்சி இஞ்சதான் சமைப்பா" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

ஆச்சி பாவம், ஒன்றும் தெரியாது. "கீழ அடுப்பு நல்லா எரியுமெண்டு மகன் சொன்னவன்" என்றா. பழப்புளி விட்டு ஒரு குழம்பு வைத்தா பாருங்கோ சித்தப்பா, கனடா வந்து நான் அப்படிச் சாப்பிடவில்லை. சாப்பிடும்போது மெல்லக் கேட்டேன், முந்தியும் இங்கே சமைக்கிறனீங்களோ என்று. "சீச்சீ, நான் இந்தப் படி இறங்கினதே இண்டைக்குத்தான்" என்றா. குடிவந்தபோது இல்லாத பகிர்வை நடுவில் கொண்டுவந்து நுழைத்தால் விசாரணையில் நிற்காது என்று சட்ட உதவி நிலையத்தில் ஒரு பிள்ளை சொன்னா. எனக்குக் குழம்பும் கிடைத்தது, சாட்சியும் கிடைத்தது.

அதன் பிறகு அவர் என்-12 என்கிற படிவத்தைக் கொண்டுவந்தார். ஆச்சி கீழே குடிவரப் போகிறாவாம், நான் எழும்ப வேண்டுமாம். ஆங்கிலப் படிவம், பாதி பிழை. உங்களிடம் வளர்ந்தவன் பிழையான பத்திரத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது? பேனை எடுத்துத் திருத்தினேன். 60 நாள் அவகாசம் தர வேண்டும் அண்ணை, திகதி வாடகை மாதம் முடிகிற நாளாக இருக்க வேண்டும், ஆச்சி ஒரு வருசமாவது இங்கே இருக்கும் எண்ணம் வேண்டும், எனக்கு ஒரு மாத வாடகை நட்டஈடு தர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"ஆர் ஆருக்குத் தாறது?"

"நீங்கள் எனக்கு."

படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஆச்சிக்குப் படி இறங்கக் கால் நோவாம் என்று பிறகு சொல்லியனுப்பினார்.

இவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தும் குளிரில் நான்தான் தோற்றேன். வெக்கையைக் கூட்டிக் குறைக்கும் தெர்மொஸ்ராற் மேல் வீட்டில், பிளாஸ்டிக் கூட்டுக்குள், பூட்டுப் போட்டு இருக்கிறது. வீட்டில் 21 டிகிரி இருக்க வேண்டும் என்பது ரொறன்ரோவின் விதி. என் அறையில் 16. நகரசபையின் 311க்கு ஒரு அழைப்பு எடுத்தால் முறைப்பாட்டைப் பதிந்துகொள்வார்கள். எடுப்பேன் என்று வெருட்டினேன். "எடும் தம்பி, வடிவா எடும். வாறவன் உம்மட யன்னலையும் அளப்பான்" என்றார்.

அதுதான் சித்தப்பா விசயம். சட்டம் முழுக்க என் பக்கம். ஆனால் அதைக் கூப்பிட்டால் அது முதலில் என் கூரையைத்தான் நிமிர்ந்து பார்க்கும். இடம் ஆபத்தானது, மூடு என்று கட்டளை வந்தால் அவருக்கு வாடகை போகும், எனக்கு மாசிப் பனியில் பெட்டி படுக்கை வெளியே போகும். மாகாணத்தின் வாடகைச் சபைக்குப் போகலாம்தான். அங்கே வழக்குகள் தேங்கிக் கிடப்பதைப் பற்றி 2023இல் ஒன்ராறியோ ஒம்புட்ஸ்மன் தனி அறிக்கையே வெளியிட்டார். யாழ்ப்பாணத்து வேலி வழக்கு மாதிரி அப்பன் போட்டு மகன் தீர்ப்பு வாங்குகிற அளவுக்கு இல்லை என்றாலும், இந்தக் குளிர் முடியுமுன் முடியாது.

ஆகவே நான் படிவத்தை விட்டுவிட்டு ஒரு மின்சார ஹீற்றர் வாங்கினேன். ஹைட்ரோ, அதாவது மின்சாரம், வாடகைக்குள் அடக்கம் என்பது குடிவந்த அன்று அவரே பெருமையாகச் சொன்னது. வேலைக்குப் போகும்போதும் அதை நிறுத்தவில்லை. ஹைட்ரோ பில் வந்த அன்று பின்னேரம் மேலே பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. இப்போது 20 டிகிரி. மிச்ச ஒரு டிகிரியை நான் கேட்கவில்லை. 90 நாள் கணக்கை நானும் பிடிக்கவில்லை. வாடகை ஏற்றமும் 37 டொலர் 50 சதத்தோடு நிற்கிறது. அந்த ஐம்பது சதத்தை மனுசன் எண்ணித்தான் வாங்குகிறார்.

நீங்கள் எழுத வேண்டியது ஒன்றுதான்: சட்டப்படி அனுமதி எடுக்கப் போகிறேன், திருத்த வேலை முடியும்வரை வெளியே போய் இரும், பிறகு பழைய வாடகைக்கே வரலாம் என்று வீட்டுக்காரர் இப்போது சொல்லத் தொடங்கியிருக்கிறார். திரும்பி வரும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. நான் எழுத்தில் கேட்டுக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நம்பலாமோ? உங்கள் மூக்கு என்ன சொல்லுது?

சித்தி மிளகாய்த்தூள் அனுப்புவதாகச் சொன்னா. பார்சலில் வீட்டு இலக்கத்தை மட்டும் எழுதச் சொல்லுங்கோ. போன முறை மாதிரி பெரிய எழுத்தில் 'பேஸ்மென்ற்' என்று போட வேண்டாம். நகரசபைக் கணக்கில் அப்படியொரு வீடே இல்லை. பார்சலை ஆச்சிதான் வாங்கி வைப்பா. ஆகவே தூள் ஒரு கிலோ கூடவே கட்டட்டும்.

அன்புடன்,
உங்கள் பெறாமகன்