வீட்டில் போட்ட போர்டு

1990களில் கோவைக்கு அருகே கருமத்தம்பட்டி, சோமனூர் பக்கம் தறிக் குடோன் வைத்திருந்தவர்களுக்கு ஒரு நிரந்தரப் பயம் இருந்தது. மூன்று பேஸில் ஒன்று போய்விடும். ஓடுகிற மோட்டார் உடனே நிற்காது. மீதி இரண்டு பேஸில் முனகிக்கொண்டே ஓடும். வழக்கத்தைவிட ஒன்றே முக்கால் மடங்கு வரை கரண்ட் இழுக்கும். யாரும் கவனிக்காவிட்டால் காயில் கருகி, வார்னிஷ் நாற்றம் குடோன் முழுக்க அடிக்கும். "ஏங் கண்ணு, ஒரு பேஸ் போனாத் தறி தானா நிக்கற மாதிரி ஒரு போர்டு போட்டுக் குடேன்" என்று பக்கத்துக் குடோன்காரர் பாலிடெக்னிக் மாணவனான என்னிடம் கேட்டார். நான் வீட்டில் பிசிபி எனும் அச்சிட்ட சர்க்யூட் போர்டு செய்யத் தொடங்கியது அப்படித்தான்.

காந்திபுரம் பஸ்ஸில் போய்ச் செம்பு ஒட்டிய பழுப்பு நிற ஷீட், பெரிக் குளோரைடு, ரிலே, ஐசி எல்லாம் வாங்கி வருவோம். சர்க்யூட்டை முதலில் கட்டம் போட்ட தாளில் வரைய வேண்டும். ஒரு கோடு இன்னொன்றைத் தாண்டக் கூடாது. தாண்டித்தான் ஆக வேண்டுமென்றால் மேற்பக்கம் ஒரு ஜம்பர் கம்பி. இந்த வரைவுக்கே மாலைப் பொழுதுகள் போகும். பிறகு கார்பன் தாள் வைத்துச் செம்பின் மேல் பதித்து, எனாமல் பெயின்டைத் தொட்டு மெல்லிய தூரிகையால் கோடு இழுப்போம். பெயின்ட் கைவசம் இல்லாத நாளில் அக்காவின் நகப்பூச்சு உதவும். 415 வோல்ட் வரும் இடங்களில் கோட்டுக்கும் கோட்டுக்கும் தாராளமாக இடைவெளி விட வேண்டும். தறிக் குடோனில் பறக்கும் பஞ்சு ஈரத்தோடு போர்டில் படிந்தால் அதன் வழியாகவே கரண்ட் கசியும். இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. குடோன் சொல்லிக் கொடுத்தது.

பெரிக் குளோரைடைத் தண்ணீரில்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், அதன் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கரையும்போதே சூடு கிளம்பும். பிளாஸ்டிக் தட்டுதான் நல்லது. அலுமினியப் பாத்திரத்தையும் எவர்சில்வரையும் அரித்துவிடும். பெயின்ட் மூடாத செம்பு மெல்லக் கரைந்துபோகும். அந்தச் செம்பின் தடிமன் 35 மைக்ரான்தான். கரைசல் வெதுவெதுப்பாக இருந்து, தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். கழுவி, பெயின்டைத் துடைத்து எடுத்ததும் செம்புக் கோடுகள் பளிச்சென்று தெரியும். அந்தக் கணத்தின் சந்தோஷத்துக்காகவே நான் இந்தத் தொழிலில் தங்கினேன்.

இது அச்சுக்கூடத்திலிருந்து வந்த வித்தை. பழைய பத்திரிகைகளின் படங்களுக்குச் செம்பு பிளாக் செய்தவர்களும் இதே பெரிக் குளோரைடைத்தான் பயன்படுத்தினார்கள். வியன்னாவில் பிறந்து அச்சுத்தொழிலோடு பழகிய பால் ஐஸ்லர், 1936 வாக்கில் லண்டனில் அச்சிட்ட சர்க்யூட்டோடு ஒரு ரேடியோ செய்து காட்டினார். நகப்பூச்சுக் குப்பியோடு உட்கார்ந்திருந்த எங்களுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

இப்போது அண்ணன் மகள் தோட்டத்து மோட்டாரை செல்போனில் இயக்கும் போர்டு ஒன்றைக் கீகேட் மென்பொருளில் வரைகிறாள். பைலை அனுப்பினால் ஷென்சென் தொழிற்சாலையோ பெங்களூரு தொழிற்சாலையோ செய்து அனுப்பிவிடுகிறது. பச்சைப் பூச்சு, வெள்ளை எழுத்து, இரண்டு பக்கமும் கோடுகள். துளைகளின் உள்சுவரிலும் செம்பு ஏறியிருப்பதால் ஜம்பர் கம்பிக்கே வேலையில்லை. நான் தூரிகையால் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கப் படாதபாடு படுவேன்; அவளுடைய கோடுகள் 0.15 மில்லிமீட்டர். அவள் போர்டுதான் நல்ல போர்டு. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் பழுது பார்ப்பது குறைந்துபோனது. அன்று போர்டு நின்றால், போட்டவனே சைக்கிளில் வந்து எந்தக் கோடு விட்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்து ஈயம் வைப்பான். இன்று பேனலில் இருக்கும் பாதுகாப்புச் சாதனங்கள் பலவும் கருப்பு ரெசின் ஊற்றி மூடப்பட்டு வருகின்றன. போனால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்ட வேண்டியதுதான். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்குக் காட்ட எதுவும் இல்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

மீந்துபோன கரைசலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதில் கரைந்திருக்கும் செம்பு மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் நஞ்சு. சாயக் கழிவால் நொய்யல் ஆறு என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரை போனது. ஒரு தட்டுக் கரைசல்தானே என்று சாக்கடையில் ஊற்றக் கூடாது. பெரிய பிளாஸ்டிக் வாளியில் சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் நுரைத்துப் பொங்கும். நுரை அடங்கும் வரை சேர்த்தால் செம்பும் இரும்பும் வண்டலாகக் கீழே இறங்கிவிடும். அந்த வண்டலை மூடி வைத்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்க வேண்டும்.

பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தொழிற்சாலைக்குப் பைல் அனுப்பக் கற்றுக்கொடுக்கும் முன், ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு போர்டைத் தன் கையால் வரைந்து, அரித்து, துளையிட்டு, ஈயம் வைக்கட்டும். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் கட்டாயம். முதல் போர்டுக்கு ஒரு 555 ஐசியும், ஒரு எல்இடியும், சில ரெசிஸ்டர்களும் கெப்பாசிட்டரும், 9 வோல்ட் பேட்டரியும் போதும். 415 வோல்ட் பக்கம் அடுத்த வருஷம் போகலாம்.